மல்லாட்டை வகுப்பு

அந்த அறையின் சாவியை நான்கு நாள் தேடினோம். 2024 ஜூன் 10, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றுதான் நான் வேளாண் ஆசிரியராக வேலையில் சேர்ந்தேன். "அக்ரி ரூம் பின்னாடி இருக்கும்மா, சாவிதான் எங்க இருக்குன்னு பாக்கணும்" என்றார் தலைமையாசிரியர். அலுவலக அலமாரியில் பார்த்தோம், ஆய்வகச் சாவிக்கொத்தில் பார்த்தோம், ஓய்வுபெற்ற வாட்ச்மேன் வீட்டிலும் கேட்டாயிற்று. கடைசியில் பூட்டை உடைத்துத்தான் திறந்தோம். உள்ளே ஆள் நுழைய இடமில்லை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விலையில்லா மிதிவண்டிகள் வந்த அட்டைப்பெட்டிகளும் உடைந்த பெஞ்சுகளும் கூரை வரை அடுக்கியிருந்தன.

அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டுப் பின்சுவரைத் தொட இரண்டு நாள். அங்கே இரண்டு கைத்தெளிப்பான்கள், காம்பு கழன்ற மண்வெட்டிகள், தகர மழைமானி ஒன்று, களைச்செடிகளை உலர்த்தி ஒட்டிய அட்டைகள். கரையான் அரித்தது போக மிஞ்சிய அட்டைகளில் நீல மையில் அழகான கையெழுத்து: சாரணை, நாயுருவி, குப்பைமேனி, கோரை. அவற்றுக்கு அடியில் ஒரு நீள நோட்டு. அட்டையில் "மழைப் பதிவேடு" என்று எழுதியிருந்தது. தினமும் காலை 8.30 மணிக்கு எடுத்த அளவு, எடுத்த மாணவரின் கையெழுத்து. பக்கம் பக்கமாக, வருடக்கணக்கில். கடைசிப் பதிவு 2013 மார்ச்சில் ஒரு நாள். "மழை இல்லை" என்று எழுதி, கீழே யாரோ ஒரு பையன் கையெழுத்துப் போட்டிருந்தான். அதற்குப் பிறகு வெறும் தாள்கள்.

நோட்டை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அதன்பின் ஒரு வருடம் ஓடிவிட்டது. அந்த ஒரு வருடத்தை மறப்பதற்குள் எழுதி வைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பள்ளியின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதப் போவதில்லை. திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் பக்கம், ஏரிக்கரையை ஒட்டிய ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. அது போதும்.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல் வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவுகளும் கூடவே வந்தன. வேளாண்மை அதில் ஒன்று. எங்கள் பள்ளியில் அது நன்றாக நடந்த காலம் உண்டு என்று ஊரில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். பழைய ஆசிரியர் ஓய்வு பெற்றபின் அந்த இடம் நிரப்பப்படவில்லை. ஏட்டில் பிரிவு இருந்தது, வகுப்பில் பிள்ளைகள் இல்லை. அந்த ஆசிரியரைத் திண்டிவனத்தில் அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். காது சரியாகக் கேட்பதில்லை. ஆனால் எங்கள் 60 சென்ட் நிலத்தில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. எப்படி சார் நின்றுபோனது என்று கேட்டேன். "மோட்டார் எரிஞ்சுது. யாரும் சரி பண்ணல. தண்ணி இல்லாம செய்முறை எப்படி? புள்ளைங்கள வெறும் வகுப்புல உக்கார வச்சேன். அடுத்த வருஷம் பாதிப் பேர்கூட சேரல" என்றார். நான் காரணத்தைப் பெரிதாக எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது ஒரு மோட்டார்.

அதனால் முதல் வேலை மோட்டார் என்று முடிவு செய்தேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டேன். பணத்துக்கு வழி கிடைக்கவில்லை, ஆள் கிடைத்தார். அந்தப் பழைய ஆசிரியரிடம் இதே பிரிவில் படித்தவர், இப்போது மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கம்பிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு கட்டிக் கொடுத்தார். ஜூலை முதல் வாரம் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வந்தது.

பிள்ளைகள் ஒன்பது பேர். ஆறு பையன்கள், மூன்று பெண்கள். நான் வந்தபோது சேர்க்கை ஏறக்குறைய முடிந்திருந்தது. மற்ற குரூப்பில் இடம் கிடைக்காதவர்களைத்தான் இங்கே அனுப்பியிருந்தார்கள். ஏன் இந்தக் குரூப் எடுத்தீர்கள் என்று முதல் நாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "மார்க் கம்மி மிஸ்" என்று ஒரு பெண் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மற்ற எட்டுப் பேரும் அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல் இருந்தார்கள்.

அன்றைக்குப் பாடத்தில் நிலக்கடலை என்ற சொல் வந்தது. இரண்டு மூன்று முறை சொல்லியும் யார் முகத்திலும் அசைவில்லை. பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன், "மல்லாட்டையா மிஸ்?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. நான் செஞ்சிப் பக்கம் பிறந்தவள். எங்கள் வீட்டிலும் மல்லாட்டைதான். மல்லாட்டை உடைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். வாழவச்சனூர் வேளாண் கல்லூரியில் நான்கு வருடம் படித்ததில் அந்தச் சொல் என் வாயிலிருந்து போய்விட்டிருக்கிறது. "ஆமாம், மல்லாட்டைதான்" என்றேன். மணிலா என்ற ஊர்ப் பெயரிலிருந்து மணிலாக்கொட்டை வந்தது, அது வாயில் உருண்டு உருண்டு மல்லாட்டை ஆனது என்று சொன்னேன். அப்புறம் பாடம் தானாக நடந்தது. எத்தனை நாள் பயிர், எப்போது களை வெட்டுவது, எந்த மாதம் தண்ணீர் கட்டுவது என்று ஒன்பது பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். அது பாடம் என்று அவர்களுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு அந்த வருடம் முழுவதும் வேலையே அதுதான் என்று அன்று புரிந்தது.

அடுத்த வாரம் தமிழ்நாட்டு வரைபடத்தைச் சுவரில் மாட்டி, விதை ரகங்களின் பெயர்களை எழுதினேன். எல்லாம் அவர்கள் வீட்டில் கேட்ட பெயர்கள்தான். கோ என்றால் கோயம்புத்தூர். ஏ.டி.டி. ஆடுதுறை. ஏ.எஸ்.டி. அம்பாசமுத்திரம். முருங்கையில் வரும் பி.கே.எம். பெரியகுளம். பி.எல்.ஆர். கடலூர்ப் பக்கத்துப் பாலூர். வி.ஆர்.ஐ. விருத்தாசலம். ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஆராய்ச்சி நிலையம், அங்கே உருவான ரகத்துக்கு அந்த ஊரின் எழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டூசி குத்திக்கொண்டே வந்தார்கள். "டி.எம்.வி.?" என்று கேட்டேன். மல்லாட்டை விதைக்கிற வீட்டில் அந்தப் பெயர் தெரியாதவர் இருக்க முடியாது. ஆனால் ஊரைச் சொல்ல யாருக்கும் வரவில்லை. திண்டிவனம் என்றேன். ஒரு பெண் எழுந்துவிட்டாள். "எங்க பஸ் தினம் அந்த கேட் தாண்டித்தான் மிஸ் வருது!" எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் கேட்டைச் சொல்கிறாள். டி.எம்.வி. 2 என்ற ரகம் ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் பல காலம் பரவலாகப் பயிரானது என்று சொன்னேன். அந்தக் குண்டூசியை அவளேதான் குத்துவேன் என்று வாங்கிக்கொண்டாள். இன்னும் இருக்கிறது, சிவப்புத் தலை ஊசி.

சரி, நிலத்துக்கு வருகிறேன்.

60 சென்ட் முழுவதும் வேலிகாத்தான் முள்ளும் பார்த்தீனியமும். அதை வெட்டியபின்தான் கீழே இருப்பது தெரிந்தது. சில வருடங்களுக்கு முன் புதிய வகுப்பறைகள் கட்டியபோது மிஞ்சிய சிமென்ட்டு, ஜல்லி, உடைந்த செங்கல் எல்லாவற்றையும் இந்த நிலத்தில்தான் கொட்டியிருக்கிறார்கள். பள்ளியின் விளைநிலத்தில் கொட்டுகிறோம் என்ற எண்ணமே அவர்களுக்கு வந்திருக்காது. எனக்கு அதைவிட வருத்தம், அப்போது யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது. பிள்ளைகளும் நானும் மூன்று சனிக்கிழமைகள் கூடை கூடையாக அள்ளினோம். பிறகு மண் மாதிரி எடுத்தோம். கோணல்மாணலாக நடந்து பத்து இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, முக்கால் அடி ஆழத்துக்கு உள்ளாகவே பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளிக்கொண்டே வந்து அரைக் கிலோவில் நிறுத்தினோம். பரிசோதனை முடிவு நான் பயந்தபடியே இருந்தது. கார அமில நிலை 8.4, அதாவது காரம் ஏறிய மண். கரிமச் சத்து மிகக் குறைவு.

உடனே பயிர் வைத்து ஊருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறைய இருந்தது. ஆடிப்பட்டம் வேறு கண்முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஆனால் இந்த மண்ணில் முதலில் தக்கைப்பூண்டுதான் விதைக்க முடியும். உவர், களர் எதுவானாலும் அது தாங்கும். பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதால் மண்ணுக்குத் தழைச்சத்தும் கரிமச் சத்தும் சேரும். ஏக்கருக்கு 20 கிலோ கணக்கில் 12 கிலோ விதைத்தோம். "இத விக்க முடியுமா மிஸ்?" என்று கேட்டார்கள். முடியாது என்றேன். ஒன்றரை மாதம் வளர்த்து மண்ணிலேயே புதைத்துவிடுவோம் என்றதும் அவர்கள் பார்த்த பார்வை மறக்காது.

அவர்கள் ஆவல் அடங்கட்டும் என்று, பக்கத்திலேயே குழித்தட்டில் கத்தரி நாற்று விட்டோம். எட்டுத் தட்டு, தட்டுக்கு 98 குழி. தென்னை நார்க்கழிவு நிரப்பி, பாலூர்க் கத்தரி விதை ஊன்றி, நிழல்வலை கட்டினோம். எல்லாம் முளைத்தன. பன்னிரண்டாம் நாள் காலையில் வந்து பார்த்தால் தட்டுத் தட்டாக நாற்றுகள் சாய்ந்து கிடக்கின்றன. தண்டின் அடி நூல்போல் இளைத்திருந்தது. நாற்றழுகல். ஆசையில் ஒன்பது பேரும் முறை வைத்துக்கொள்ளாமல் ஆளாளுக்குப் பூவாளி எடுத்திருக்கிறார்கள். நார்க்கழிவைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அதைக் கவனித்துத் தடுத்திருக்க வேண்டியவள் நான். நார்க்கழிவோடு, அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கலக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், வாங்கி வைத்துமிருந்தேன், அவசரத்தில் விட்டுவிட்டேன். பிள்ளைகளிடம் அதை அப்படியே சொன்னேன். செத்த நாற்றுகளை வீசாமல் ஆளுக்கு ஒன்று எடுத்து, அடித்தண்டைப் படம் வரைந்தோம். பிறகு தட்டுகளைக் கழுவி மறுபடி விதைத்தோம். விரலால் நார்க்கழிவைத் தொட்டுப் பார்த்தபிறகே தண்ணீர் என்று அவர்களே சுவரில் எழுதி ஒட்டினார்கள்.

அந்த வாரத்தில்தான் ஒரு பையனின் அப்பா வந்தார். சென்னையில் கொத்தனார் வேலை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். மகன் கையில் கொப்புளம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "டீச்சரம்மா, என் கையி மண்வெட்டி புடிச்ச கையி. அவன் கையி புடிக்கக் கூடாதுன்னுதான் பள்ளிக்கூடம் அனுப்பறேன். நீங்களும் அதையேதான் குடுப்பீங்களா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வேளாண் பல்கலைக்கழகத்தில் தொழிற்பிரிவு மாணவர்களுக்குத் தனி இடம் இருக்கிறது அண்ணா, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021இலிருந்து வேளாண் படிப்பிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எல்லாருக்குமா காலேஜு கெடைக்கும்? கெடைக்காதவன் என்ன பண்ணுவான்?" என்றார். பதில் வரவில்லை எனக்கு. அவருக்கு 70 சென்ட் நிலம் இருக்கிறது, ஐந்து வருடமாகக் கரம்பு என்று பிறகு பையன் சொன்னான். அந்த மனிதர் மண்ணை வெறுத்து அப்படிக் கேட்கவில்லை. உழைத்த கணக்கு ஒவ்வொரு வருடமும் கையைக் கடித்ததால் கேட்கிறார். அன்று முதல், மண்வெட்டி எடுக்கிற ஒவ்வொரு நாளும் கூடவே ஒரு நோட்டும் எடுக்க வேண்டும் என்று வைத்தேன். என்ன செய்தோம், எவ்வளவு போட்டோம், ஏன் போட்டோம், எவ்வளவு செலவு. வெறும் கூலி வேலைக்கும் படிப்புக்கும் நடுவில் அந்த நோட்டு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

செப்டம்பர் நடுவில் தக்கைப்பூண்டு இடுப்பளவுக்கு வந்து பூ எடுத்தது. ஒரு மூலையை ஆடுகள் மேய்ந்தது போக மீதியை ரொட்டவேட்டர் விட்டு மடக்கினோம். ஐப்பசி மழைக்கு 20 சென்ட்டில் மட்டும் கத்தரி, வெண்டை, மிளகாய் வைத்தோம். நவம்பரில் வெண்டை காய்க்க ஆரம்பித்தது. முதல் பறிப்பு 14 கிலோ. சத்துணவுக் கூடத்து அக்கா தராசில் நிறுத்து வாங்கிக்கொண்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சாம்பாரில் வெண்டைக்காயைத் தேடித் தேடி எடுத்துக் காட்டினார்கள்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அந்த இரவைப் பற்றி எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. ஏரி நிரம்பி, வாய்க்கால் தெரியாமல், பள்ளி மைதானமே குளம். பல நாள் கழித்துத் திறந்தபோது எங்கள் 20 சென்ட்டில் நின்றவை குச்சிகள். கத்தரிச் செடிகள் வேர் அழுகித் தொட்டால் கையோடு வந்தன.

மழைமானி பொறுப்பில் இருந்த பையன்தான் ரொம்ப உடைந்துபோனான். ஜூலையிலிருந்து ஒரு நாள் விடாமல் 8.30 மணிக்கு அளந்து, 2013இல் நின்றுபோன அதே நோட்டில் எழுதிக்கொண்டு வந்தவன். குடுவை 200 மில்லிமீட்டர் கொள்ளும். நிரம்பி வழிந்து, மழைமானியே சாய்ந்து கிடந்தது. "பேப்பர்ல மயிலத்துக்குப் போட்டத எழுதிடவா மிஸ்?" என்றான். அது மயிலத்தின் மழை, நம் பள்ளியின் மழை இல்லை என்றேன். நடந்ததை எழுது. நெடுநேரம் யோசித்து எழுதினான்: "குடுவை நிரம்பி வழிந்தது. அளக்க முடியவில்லை." கீழே கையெழுத்து.

ஒன்று மட்டும் நல்லதாக நடந்தது. தண்ணீர் வடிந்தபின் தக்கைப்பூண்டு மடக்கிப் பயிர் வைக்காமல் விட்டிருந்த 40 சென்ட்டில் மண் வேறு மாதிரி இருந்தது. கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. பழைய ஆசிரியர் சொன்ன மூலையில் மட்டும் இன்னும் தண்ணீர் நின்றது. அங்கே வடிகால் வெட்டினோம். தைப்பட்டத்துக்கு மல்லாட்டை என்று முடிவானது.

எவ்வளவு விதை வேண்டும் என்பது கேள்வி. புத்தகத்தில் எக்டேருக்கு 125 கிலோ பருப்பு என்று இருந்தது. அதை மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. இயற்பியல் ஆய்வகத்தில் தராசு வாங்கி, நூறு பருப்பை எண்ணி வைக்கச் சொன்னேன். 38 கிராம். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 33 செடி. 40 சென்ட் என்பது சுமார் 1,620 சதுர மீட்டர். பெருக்கிப் பார்த்தார்கள், ஏறக்குறைய 54,000 செடி. ஒரு பருப்பு 0.38 கிராம் என்றால் இருபதரைக் கிலோ. பிறகு புத்தகத்தின் 125 கிலோவை 40 சென்ட்டுக்குக் குறைத்துப் பார்த்தார்கள். இருபது கிலோ. வகுப்பில் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள்!

அப்போது அந்த வரைபடப் பெண், "எங்க ஆயா ஏக்கருக்கு ரெண்டு மூட்டை காய் உடைக்கணும்னு சொல்லும் மிஸ்" என்றாள். சரி, அதையும் போட்டுப் பார் என்றேன். அவர்கள் வீட்டு மூட்டை 40 கிலோ. இரண்டு மூட்டை 80 கிலோ காய். உடைத்தால் நூற்றுக்கு எழுபது பருப்பு, 56 கிலோ. சூம்பல், உடைசல் கழித்தால் 50. ஏக்கருக்கு 50 என்றால் 40 சென்ட்டுக்கு 20. அவள் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றாள். தராசு சொன்னதும் புத்தகம் சொன்னதும் எழுதப் படிக்கத் தெரியாத அவள் ஆயா சொன்னதும் ஒரே எண். மறுநாள் ஆயாவைப் பள்ளிக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆயா எங்கள் விதையைக் கையில் அள்ளிப் பார்த்து, எட்டுப் பத்துப் பருப்பைப் பொறுக்கித் தூரப் போட்டார். "மூக்கு ஒடஞ்சது மொளைக்காது" என்றார். முளைக்கரு இருக்கும் முனையைச் சொல்கிறார்.

டிரைக்கோடெர்மா கலந்து ஒரு நாள் வைத்து, பிறகு ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் என்ற பாக்டீரியா உரத்தைக் குழைத்துப் பூசி நிழலில் உலர்த்தி, பொங்கல் முடிந்த அடுத்த வாரம் விதைத்தோம். முப்பத்தைந்தாம் நாள் வாக்கில் இரண்டு செடியை வேரோடு பெயர்த்து, வேர் முண்டுகளைப் பிளேடால் நறுக்கச் சொன்னேன். உள்ளே சிவப்பு. "மிஸ், ரத்தம் மாதிரி இருக்கு!" நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒன்றுதான் அது, லெக்ஹீமோகுளோபின் என்று பெயர், காற்றின் தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியா அங்கே உயிரோடு வேலை செய்கிறது என்று சொன்னேன். பத்து நிமிடத்தில் செய்தி பரவி, ஃபர்ஸ்ட் குரூப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்தார்கள். "மார்க் கம்மி" என்று சொன்ன பெண்தான் பிளேடை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் நறுக்கிக் காட்டி விளக்கினாள். லெக்ஹீமோகுளோபின் என்ற சொல்லைத் தடுமாறாமல் சொன்னாள். நான் விலகி நின்றுகொண்டேன்.

பூத்து, காயாகப் போகும் விழுது மண்ணுக்குள் இறங்கும் நேரத்தில் 64 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்தோம். காய் திரள்வதற்குச் சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் வேண்டும், அதைக் காயே மண்ணிலிருந்து நேராக உறிஞ்சும். அந்த நாள்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் அண்ணன் மறுபடி வந்தார். கையில் ஒரு கேரி பேக், அதில் மண். "பையன் நோட்டப் பாத்தேன். நம்ம நெலத்துக்கும் பாத்துச் சொல்லுங்க" என்றார். ஒரே இடத்து மண் போதாது அண்ணா என்றேன். மகன் அதற்குள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அவர்கள் கரம்பில் அவன் முன்னால் கோணல்மாணலாக நடக்க, அப்பா பின்னால் வாளி தூக்கிக்கொண்டு நடந்தார். பரிசோதனை அட்டை வந்துவிட்டது. இந்த வருடம் விதைப்பதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. டீசல், கூலி, விலை என்று அவர் கேட்கும் கேள்விகள் நியாயமானவை. அவற்றை நானும் பிள்ளைகளும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

மார்ச்சில் பொதுத்தேர்வு. அதன்பின் விடுமுறையிலும் முறை போட்டுக்கொண்டு வந்து தண்ணீர் கட்டினார்கள். மே முதல் வாரம், அக்னி நட்சத்திர வெயில் ஏறுமுன் அதிகாலை ஐந்தரைக்குக் கூடி, முந்தைய நாள் நனைத்துவிட்ட மண்ணில் செடியைப் பிடுங்கினோம். ஆயாவும் இன்னும் நான்கு அம்மாக்களும் காய் ஆய வந்தார்கள். காய்ந்தபின் 190 கிலோ. இதைவிட அதிகம் வந்திருக்க வேண்டும். தண்ணீர் நின்ற மூலை கைவிட்டுவிட்டது, இலைப்புள்ளி நோயை நான் ஒரு வாரம் தாமதமாகத்தான் பார்த்தேன். இரண்டையும் நோட்டில் எழுதியிருக்கிறார்கள்.

2025 ஜூன் 2ஆம் தேதி பள்ளி திறந்தது. பதினொன்றாம் வகுப்பு வேளாண் பிரிவில் 21 பேர். ஏன் இந்தக் குரூப் என்று இம்முறை நான் கேட்கவில்லை.

விதைக்கென்று 30 கிலோ காயை உடைக்காமல் சாக்கில் கட்டி வைத்திருந்தோம். பருப்பாக வைத்தால் முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். சாக்குக்கு அட்டை கட்ட வேண்டும் என்று பெரிய பிள்ளைகள் நின்றார்கள். சான்று விதைக்கு நீலம், ஆதார விதைக்கு வெள்ளை, நம்முடையது சான்று வாங்காத விதை, அதற்கு அந்த நிறம் எதுவும் போடக் கூடாது என்றேன். மிதிவண்டிப் பெட்டியின் பழுப்பு அட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எழுதினார்கள். ரகம் டி.எம்.வி. பட்டம் தை. அறுவடை 2025 மே. எடை 30 கிலோ. விதைத்தவர்கள் என்ற இடத்தில் ஒன்பது கையெழுத்துகள்.

ஆடி பிறந்துவிட்டது. இந்த வாரம் அந்தச் சாக்கைப் பிரித்து இருபத்தொரு பேரும் உட்கார்ந்து காய் உடைக்கிறார்கள். நூறு பருப்பை எண்ணித் தராசில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.